அடுத்த டவுன் ஹால் எப்போ? அப்டேட் வேகத்தைக் கணக்குப் போடுவதில் நடக்கும் தவறுகள்

கிளாஷ் ஆஃப் கிளான்ஸில், கிளான் என்கிற ஆட்டக்காரர் குழுவின் சாட்டில் யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்: "அடுத்த டவுன் ஹால் எப்போ?" டவுன் ஹால் என்பது பேஸின், அதாவது ஆட்டக்காரர் கட்டும் ஊரின், மையக் கட்டடம்; அதன் லெவல் ஏறினால்தான் மற்றவற்றையும் மேலே ஏற்ற முடியும். கேட்டவருடைய பேஸைத் திறந்து பார்த்தால் பாதிச் சுவர் இரண்டு லெவல் பின்னால் கிடக்கும், படைகளை மேம்படுத்தும் லேப் சும்மா இருக்கும். கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் மாதிரி ஆன்லைன் வியூக விளையாட்டுகளில் அப்டேட் வருகிற வேகம் வேறு, நம் பேஸ் வளர்கிற வேகம் வேறு. பெரும்பாலான தவறுகள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருபவை.

"முன்ன மாதிரி இப்பல்லாம் ஒண்ணும் வர்றதில்லை" என்ற புலம்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். 12ஆம் டவுன் ஹால் 2018 ஜூனில் வந்தது. 13 வந்தது 2019 டிசம்பரில், 14 வந்தது 2021 ஏப்ரலில், 15 வந்தது 2022 அக்டோபரில். ஏறக்குறைய ஒன்றரை வருட இடைவெளி. 16 வந்தது 2023 டிசம்பரில், 17 வந்தது 2024 நவம்பரில். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வருடம்கூட முழுசாக இல்லை. வேகம் கூடித்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் மேக்ஸ் செய்து, அதாவது உச்ச லெவலுக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் சிலருக்குத்தான் அது போதவில்லை.

இந்த அவசரம்தான் ரஷ் பண்ண வைக்கிறது. புது லெவல் திறந்த அன்றே டவுன் ஹாலை ஏற்றிவிட்டு, பாதுகாப்புக் கட்டடங்களைப் பழைய நிலையிலேயே விட்டால், கிளான்கள் மோதும் வாரில் எதிரணிக்கு அந்த பேஸ் இலவச மூன்று நட்சத்திரம், அதாவது முழு வெற்றி. ரஷ்ஷே கூடாது என்று சொல்லும் கட்சி அல்ல நான். லேப், ஆர்மி கேம்ப், கிளான் காசில், ஹீரோக்கள் என்று தாக்குதல் பக்கத்தை முதலில் ஏற்றுபவர் திட்டத்தோடு போகிறார். கண்ணில் பட்டதையெல்லாம் அழுத்துபவருக்குத்தான் சிக்கல்.

நேர் எதிர்த் தவறு, பதுக்கல். அப்டேட் வரப்போகிறது என்று மாதக்கணக்கில் கட்டட வேலை செய்யும் பில்டர்களைச் சும்மா வைத்துக்கொண்டு, அந்த வேலைக்குச் செலவாகும் தங்கத்தையும் எலிக்சரையும் சேர்ப்பது. ஸ்டோரேஜ் நிரம்பிய பிறகு தாக்கிக் கொள்ளையடிக்கும் லூட் எங்கேயும் போய்ச் சேராது, வீண்தான். அப்டேட் தேதி உறுதியான பிறகு கடைசி வாரத்தில் நிரப்பினால் போதும். காத்திருப்பைத் தவிர்க்க உதவும் ஜெம்மைச் செலவழித்து அப்கிரேடை முடிக்கும் ஆசையையும் அதே வாரத்தில் அடக்கிக்கொள்ளுங்கள். புது டவுன் ஹாலை ஒட்டிப் பழைய லெவல்களின் செலவையும் நேரத்தையும் குறைப்பது இந்த விளையாட்டில் வழக்கம்.

அப்டேட்டை எண்ணிக்கையில் அளப்பதுதான் என் பார்வையில் பெரிய தவறு. அதே நிறுவனத்தின் கார்டு விளையாட்டான கிளாஷ் ராயலில் கார்டுகளின் உச்ச லெவல் 2021-ல் 14 ஆனது, 2023-ல் 15 ஆனது. அதனால் விளையாட்டில் புதிதாக எதுவும் சேர்ந்துவிடவில்லை. கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார்கள், ஏற்கெனவே ஓடி முடித்தவர்கள் மறுபடி ஓட வேண்டியதாயிற்று. இன்னொரு பக்கம், 2025 மார்ச்சில் கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் படைகளுக்கான பயிற்சி நேரத்தையே எடுத்துவிட்டது. இது புதுக் கட்டடம் அல்ல. ஆனால் ஒரு தாக்குதல் முடிந்ததும் ஆர்மி தயாராகும்வரை காத்திருந்த காலம் போய், அடுத்தடுத்து அடித்துக்கொண்டே போகலாம் என்றானது. அன்றாட ஆட்டத்தை ஒரு புது டவுன் ஹாலைவிட அதிகமாக மாற்றியது இதுதான். அப்டேட்டில் மாறியதைப் பட்டியலிடும் பேட்ச் நோட்ஸைப் படிக்காமல் "இதுல ஒண்ணுமே இல்ல" என்று தள்ளியவர்கள் இதைத் தவறவிட்டிருப்பார்கள்.

அடிக்கடி வந்தால் நல்லது என்பதும் அப்படியே உண்மையல்ல. இரண்டு அணிகள் மோதும் டோட்டா 2 என்ற விளையாட்டு அதை 2018-ல் செய்து பார்த்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சின்னச் சின்ன சமநிலை மாற்றங்கள். பிறகு அந்த அட்டவணையைக் கைவிட்டுப் பெரிய பேட்ச்களுக்கே திரும்பியது. ஒரு வியூகத்தைக் கற்று, அதற்கு எதிர் வியூகம் பிறந்து, அதையும் முறியடிக்க ஆட்டக்காரர்களுக்குக் கொஞ்சம் காலம் வேண்டும். அதற்குள் நெர்ஃப், அதாவது அந்த வியூகத்தைப் பலவீனமாக்கும் மாற்றம், வந்துவிட்டால் கற்றது வீண்.

அப்டேட் குறைந்தால் ஆட்டம் செத்துவிட்டது என்று கிளம்புவதும் அவசரம். ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற வியூக விளையாட்டுக்கு இனி விலைக்கு விற்கும் புது உள்ளடக்கம் வராது என்று அதன் நிறுவனமான பிளிஸார்ட் 2020 அக்டோபரில் அறிவித்தது. அதன் பிறகும் சமநிலை பேட்ச்கள் வந்தன, போட்டிகளும் நடந்தன.

லீக், அதாவது கசிந்த தகவல், என்ற பெயரில் சுற்றும் தேதிகளை நம்பி சீசன் பாஸ் வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விளையாட்டு நிறுவனமே தேதி சொல்லும்வரை பர்ஸைத் திறக்காதீர்கள்.