நூறு லிட்டர் டிரம்மில் உலகத் தண்ணீர்: பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவது எப்படி?

பூமியின் பரப்பில் முக்கால் பங்கு தண்ணீர் என்று ஒப்பிக்கிற பிள்ளையிடம், அப்புறம் ஏன் நம் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருகிறது என்று கேட்டுப் பாருங்கள், முழிக்கும். என் அக்கா பிள்ளைகளும் அப்படித்தான் முழித்தார்கள். மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு சாயங்காலம் இதைச் செய்து காட்டிய பிறகு அந்தக் கேள்விக்கு அவர்களே பதில் சொன்னார்கள்.

100 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று, காலி அரை லிட்டர் பால் பாக்கெட்டுகள் ஐந்து, இருமல் மருந்து மூடி, ஊசி இல்லாத சிரிஞ்சு, எவர்சில்வர் தட்டு. இவ்வளவு போதும். இதற்கென்று புதிதாகத் தண்ணீர் பிடிக்க வேண்டாம். துவைக்கப் பிடித்து வைத்ததையே பயன்படுத்துங்கள், முடிந்ததும் துவைக்கத்தான் போகப்போகிறது.

டிரம் முழுக்க இருப்பதுதான் பூமியின் மொத்தத் தண்ணீர். அதிலிருந்து ஐந்து பாக்கெட், அதாவது இரண்டரை லிட்டர் எடுங்கள். நல்ல தண்ணீர் அவ்வளவுதான். டிரம்மில் நிற்கும் 97.5 லிட்டரும் உப்பு, பெரும்பாலும் கடல். டிரம்மில் உப்பைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் தூள் உப்பைக் குவித்துப் போட்டுக் கலக்கி நாக்கில் வைக்கச் சொல்லுங்கள், கடல் நீரை ஏன் குடிக்க முடியாது என்று விளக்க வேண்டிய வேலையே இருக்காது.

ஐந்தில் மூன்றரை பாக்கெட்டை ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். அண்டார்டிகா, கிரீன்லாந்து, இமயமலைப் பனி, சைபீரியா பக்கம் மண்ணுக்குள் உறைந்து கிடப்பது எல்லாம் அதில் அடங்கும். நமக்குக் கைக்கு எட்டாது.

மிச்சம் ஒன்றரை பாக்கெட்டில் கிட்டத்தட்ட முழுவதும் நிலத்தடி நீர். இங்கே கொஞ்சம் நேரம் செலவழியுங்கள், ஏனென்றால் நம் ஊர்ப் பிள்ளைகள் போர்வெல் வண்டி சத்தத்திலேயே வளர்கிறார்கள். ஒரு சட்டி நிறைய ஆற்று மணல், இன்னொரு சட்டியில் ஒரு பெரிய கருங்கல். இரண்டிலும் தண்ணீர் ஊற்றுங்கள். மணல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கல் மேலே நனைவதோடு சரி. மதுரைக்கு அடியில் பெரும்பாலும் இந்தக் கெட்டிப் பாறைதான், மேலே சிதைந்த பாறையிலும் கீழே வெடிப்புகளிலும் மட்டும்தான் தண்ணீர் தங்கும். அதனால்தான் ஒரு வீட்டில் தண்ணீர் பீறிட, பக்கத்து வீட்டில் 500 அடி இறக்கியும் வெறும் புழுதி வருகிறது. கங்கைச் சமவெளியில் வண்டல் மணல் ஆழமாகக் கிடக்கிறது, அங்கே கதை வேறு.

எல்லாம் போக மிஞ்சுவது சுமார் 10 மில்லி. மருந்து மூடியில் அளந்து காட்டுங்கள். அதில் ஆறரை மில்லி நன்னீர் ஏரிகள். ரஷ்யாவின் பைக்கால் ஏரி ஒன்றே அதில் கால் பங்கு, எனக்கே முதலில் நம்ப முடியவில்லை. அப்புறம் சதுப்பு நிலம், மண்ணின் ஈரம், காற்றில் இருக்கும் ஆவி. கடைசியாக சிரிஞ்சில் எடுத்துத் தட்டில் மூன்று சொட்டு விடுங்கள். உலகத்து ஆறுகள் எல்லாம் சேர்த்து அந்த மூன்று சொட்டு. அமேசான், காங்கோ, காவிரி, நம் வைகை எல்லாம் அதற்குள்தான்.

நிறைய பேர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள், அது தப்பு. பிள்ளை பயந்துபோய் எழுந்திருக்கும், ஆனால் விஷயம் பாதிதான் புரிந்திருக்கும். ஆற்று நீர் தேங்கி நிற்பதில்லை. சராசரியாக இரண்டு, மூன்று வாரத்தில் அது கடலுக்குப் போய், மழையாக வந்து புதுப்பிக்கப்படுகிறது. அதனால் மூன்று சொட்டை மறுபடி விடுங்கள், மறுபடியும், இருபது தடவை. 60 சொட்டு, 3 மில்லி, ஓர் ஆண்டு ஓட்டம். அந்த அறுபதில் பத்துச் சொட்டாவது அமேசானுடையது. இந்தியாவுக்கு இரண்டு, இரண்டரை சொட்டு. உலக மக்களில் ஆறில் ஒருவருக்கு மேல் இங்கேதான் இருக்கிறோம். அந்த இரண்டரையும் வருஷம் முழுக்கச் சீராக விழாது, தமிழ்நாட்டில் வருஷ மழையில் கிட்டத்தட்டப் பாதி ஐப்பசி, கார்த்திகையில் ஒரேயடியாக விழும். முன்னோர்கள் ஏன் இவ்வளவு கண்மாய் வெட்டினார்கள், வைகை ஏன் கடலைப் பார்ப்பதற்கு முன் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் விழுகிறது என்று அப்போது சொல்லுங்கள், சட்டென்று பிடிபடும்.

சித்திரை வெயிலில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், பேசிக்கொண்டிருக்கும்போதே தட்டில் விட்ட சொட்டு காய்ந்துவிடும். உப்புக் கரைத்த டம்ளரைச் சாக்கடையில் ஊற்றுங்கள், செடிக்கு வேண்டாம். டிரம்மில் இருப்பது துணி துவைக்க. ஃப்ரீசரில் வைத்த மூன்றரை பாக்கெட்டையும் மறுநாள் உருகவிட்டு முருங்கைக்கு ஊற்றிவிடுங்கள்.