இன்டக்ஷன் அடுப்பின் விசிறி மக்கர் செய்தால்

இன்டக்ஷன் அடுப்பு இரண்டு மூன்று நிமிடம் நன்றாகச் சூடாகி, பிறகு கீச்சென்று ஒலி எழுப்பி, 'இ' என்ற ஆங்கில எழுத்தையும் ஓர் எண்ணையும் காட்டி நின்றுவிட்டால், அடியிலுள்ள சிறிய விசிறியையும் அதற்குக் காற்று வரும் வழியையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். எண்ணின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் அடுப்போடு வந்த கையேட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.

விசிறி குளிர்விப்பது கண்ணாடித் தட்டை அன்று. செப்புச் சுருளுக்குள் நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் மின்சாரத்தைத் திசைமாற்றும் ஐஜிபிடி என்ற சில்லு கடுமையாகச் சூடேறும். அதைத் தாங்கி அதன் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்க் என்ற அலுமினியத் துண்டின் மீது காற்று படாவிட்டால், அங்குள்ள தெர்மிஸ்டர் என்ற வெப்ப உணரி சூடு ஏறுவதை உணர்ந்து அடுப்பை நிறுத்திவிடும். ஆகவே அடுப்பு நிற்பது பல வேளைகளில் கோளாறு அன்று, தற்காப்பு.

செங்கோட்டை, புளியரைப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றும் சாரலும் அடுக்களையை உலரவே விடுவதில்லை. தாளிப்பில் எழும் எண்ணெய்ப் புகை அந்த ஈரத்தோடும் தூசியோடும் சேர்ந்து விசிறி இறகுகளில் பழுப்பு நிறப் பிசினாகப் படியும். இதைவிட எளிய காரணமும் உண்டு. புளியரையில் என் அத்தை வீட்டு அடுப்பு அடிக்கடி நிற்கிறதென்று பார்க்கப் போனேன், "புது ஃபேன் என்ன விலை ஆகும் மருமகனே?" என்று கேட்டுக்கொண்டே அவர் சுவிட்சைப் போட்டார். மேடை அழுக்காகக் கூடாதென்று அடுப்புக்கு அடியில் விரித்திருந்த பழைய காலண்டர் தாள் மேலே இழுபட்டுக் காற்றுத் துளைகளை அடைத்துக்கொண்டது. விசிறி நின்றதும் மெதுவாகக் கீழே இறங்கியது. தாளை உருவியதோடு வேலை முடிந்தது. எனவே திருப்புளியை எடுக்கும் முன்பு அடியில் தாளோ பிளாஸ்டிக் விரிப்போ இல்லை என்பதையும், பின்புறம் சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி இருப்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அதன் பிறகும் அடுப்பு நின்றால், உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால் மட்டும் திறக்கலாம். பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் காத்திருப்பது கட்டாயம். உள்ளே 230 வோல்ட் மாறுமின்சாரம் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாக மாறிக் கண்டென்சரில் தேங்கியிருக்கும். அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றி மேல்மூடியைத் தூக்கும்போது, கண்ணாடிக்கு அடியிலுள்ள தெர்மிஸ்டரின் மெல்லிய கம்பிகளையும் பொத்தான் பலகைக்குச் செல்லும் பட்டைக் கம்பியையும் இழுத்துவிடக் கூடாது.

விசிறியை விரலால் சுழற்றிப் பார்த்தால் அது தடையில்லாமல் சில சுற்று ஓட வேண்டும். இறுகி நின்றால் உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் பிசினைச் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்கலாம்; கரப்பான் முட்டைக்கூடுகள் இறகுக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கியிருப்பதையும் பார்க்க நேரும். நடுவிலுள்ள வட்டத் தாளை உரித்து, அச்சில் ஒரே ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடலாம். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை விடுவது வேண்டாம். அது நாளடைவில் பசைபோல் இறுகிவிடும், 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் உறைந்தும் போகும்.

தாராளமாகச் சுழலும் விசிறி மின்சாரத்தில் மட்டும் ஓடவில்லையென்றால், அதன் இணைப்பை அடுப்பின் மின்சுற்றுப் பலகையிலிருந்து கழற்றி, வீட்டு இன்டர்நெட் ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டரைக் கொடுத்துப் பார்க்கலாம். சிவப்புக் கம்பி நேர்முனைக்குச் செல்ல வேண்டும். விசிறியின் மீது 18 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் 12 வோல்ட்டில் மெதுவாகவாவது ஓடும். ஓடாவிட்டால் விசிறியை மாற்றத்தான் வேண்டும்: வோல்ட், மில்லிமீட்டரில் அகலம், கம்பிகளின் எண்ணிக்கை, காற்று வீசும் திசை ஆகிய நான்கும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். திசை தவறினால் விசிறி சுழன்றும் பயனில்லை. அடாப்டரில் ஓடிப் பலகையில் ஓடாவிட்டால், விசிறியை இயக்கும் டிரான்சிஸ்டரோ மின்வழங்கிப் பகுதியில் உப்பிய கண்டென்சரோ காரணமாக இருக்கலாம். மின்சாரம் பாயும்போது அந்தப் பலகையில் மல்டிமீட்டர் வைத்துச் சோதிப்பதை மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும். விசிறிக்குச் செல்லும் குறைந்த வோல்ட் கம்பியும் அங்கே 230 வோல்ட் வீட்டு மின்னிணைப்பிலிருந்து பிரிக்கப்பட்டிருக்காது.

விசிறி நன்றாக ஓடியும் அதே எண் வந்தால், ஹீட் சிங்கில் பொருத்திய தெர்மிஸ்டர் ஆடுகிறதா, ஐஜிபிடிக்கு அடியில் சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

மூடிய பிறகு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி, காற்று வெளியேறும் பக்கத்தில் கையை வைத்தால் வெதுவெதுப்பான காற்று தொடர்ந்து பட வேண்டும். சமைத்து முடித்ததும் சுவர் சுவிட்சை உடனே தட்டிவிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அடுப்பின் பொத்தானால் முதலில் அணைத்து, விசிறி தானாக நின்ற பிறகே சுவர் சுவிட்சை அணைக்க வேண்டும்.