புது போன் எப்ப வாங்கணும்? நாள் பேர்ல, அதாவது ஒரு நாள் வேல சம்பளத்துல கணக்கு போட்டு பாருங்க

தீபாவளி கிட்ட வந்தா இலங்கை மலையகத்துல, எங்க தேயிலை தோட்ட பக்கம் போன் கடையில நிக்க எடம் இருக்காது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா எந்த டவுனுக்கு போனாலும் தோட்டத்துல குடுக்குற தீபாவளி அட்வான்ஸ் காசு கைக்கு வந்த மறுநாளே ஆளுங்க கண்ணாடி பெட்டிக்கு முன்னால நிக்கிறாங்க. வாங்க வேணாம்னு நான் சொல்லல்ல, புள்ளைங்க படிப்புக்கு வேணும், வெளிநாட்டுல இருக்குற ஆளோட வீடியோ கால்ல கதைக்க வேணும், எல்லாம் சரி. ஆனா அந்த அட்வான்ஸ சம்பளத்துல மாசா மாசம் வெட்டுவாங்க. அதுனால கடைக்கு போக முந்தி வீட்டுல உக்காந்து செய்ய வேண்டியத வரிசையா சொல்றேன், போன் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்களும் செய்யலாம். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கங்க.

மொதல்ல கணக்கு

இப்ப கையில இருக்குற போன எந்த வருசம் எந்த மாசம் வாங்குனீங்க, எவ்வளவுக்கு வாங்குனீங்க, ரெண்டையும் எழுதுங்க. அதுக்கு கீழ வாங்க நெனைக்கிற போன் வெல.

உதாரணத்துக்கு 54,000 ரூபா போன்னு வைங்க. 2024 செப்டம்பர்ல வந்த தோட்ட அடிப்படை சம்பளம் நாளைக்கு 1350 ரூபாயா இருந்துச்சு, அந்த கணக்குல இது 40 நாள் பேர். எடுத்த கொழுந்து கிலோ கொறஞ்சு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம் விழுந்த நாளையும் சேத்தா இன்னும் கூடும். இப்ப இந்த போன ரெண்டு வருசத்துல மாத்துனா மாசம் 2250 ரூபா, அதாவது மாசா மாசம் ஒண்ணரை பேருக்கு மேல போனுக்கே போகுது. அதே போன அஞ்சு வருசம் ஓட்டுனா மாசம் 900 ரூபா, முக்கால் பேர் கூட இல்ல. எங்க அம்மா கொழுந்து எடுத்தவங்க, மழையில நனைஞ்சுக்கிட்டு கூடையோட மேட்டுல ஏறுனத பாத்து வளந்தவன் நான், அதனால எனக்கு இந்த கணக்கு ரூபாயில சொன்னா வெளங்குறத விட பேர்ல சொன்னா தான் நல்லா ஒறைக்குது.

ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்துற பழக்கம் வெல கொறைவா இருந்த காலத்துல வந்தது. 2022ல டொலர் 200 ரூபா கிட்ட இருந்து 360 வரைக்கும் ஏறுச்சு, 2024 ஜனவரியில இருந்து போனுக்கும் 18 வீதம் வாட் வரி வந்துச்சு. வெல மாறிப்போச்சு, பழக்கத்த மட்டும் அப்பிடியே வச்சிருந்தா எப்பிடி.

ரெண்டாவது, என்ன நோவுன்னு கண்டுபுடிங்க

"போன் சரியில்ல"ன்னு சொல்றது காணாது. மூணு நாளைக்கு கொப்பியில எழுதுங்க: காலையில சார்ஜ் எவ்வளவு, பகல் எவ்வளவு, ராவைக்கு எவ்வளவு, எந்த நேரம் ஸ்டக் ஆச்சு, அப்ப போன் எங்க இருந்துச்சு. இந்த கடைசி கேள்வி தான் மலையகத்துல முக்கியம்.

எங்க சின்னம்மா பள்ளத்து லயத்துல, தோட்டத்து வரிசை வீட்டுல இருக்காங்க. அங்க ஜன்னல் கிட்ட மட்டும் தான் ரெண்டு கம்பி சிக்னல் வரும், அதனால ஒரு ஆணி அடிச்சு, சீனி வாங்குன பொலித்தீன் பைய அதுல தொங்கப்போட்டு, அதுக்குள்ள போன வச்சிருப்பாங்க. பகல் ரெண்டு மணிக்கெல்லாம் சார்ஜ் முடிஞ்சிரும், புது போன் எடுத்து குடுன்னு கேட்டாங்க. நான் அந்த போன மேட்டுல இருக்குற எங்க வீட்டுக்கு கொண்டுவந்து ரெண்டு நாள் வச்சு பாத்தேன், ராத்திரி ஒம்பது மணிக்கும் 40 வீதம் நின்னுச்சு. பெட்டரியில ஒரு கொறையும் இல்ல. சிக்னல் கொறைஞ்ச எடத்துல போன் டவர தேடிக்கிட்டே இருக்கும், கூடுதல் சக்தி போட்டு தான் டவரோட கதைக்கும், சார்ஜ் அதுல தான் கரைஞ்சிருக்கு. எழுபதாயிரம் குடுத்து புதுசு வாங்கி அதே ஆணியில தொங்கப்போட்டிருந்தா அதுவும் வேளைக்கே எறங்கியிருக்கும். இப்ப மலைக்கு வேலைக்கு போறப்ப சிக்னலே இல்லாத பக்கம்னா ஏரோபிளேன் மோட்ல போட்டுட்டு போறாங்க.

நீங்களும் சிக்னல் நல்லா வர்ற எடத்துல ஒரு நாள் முழுக்க வச்சு பாத்துட்டு தான் பெட்டரிய கொறை சொல்லணும்.

அங்கயும் சார்ஜ் நிக்கலன்னா பெட்டரி வயசாயிருச்சு. முழுசா 100 வீதம் செலவழிச்சா அது ஒரு சுத்து. ஐபோன் 14 வரைக்கும் வந்த போன்களுக்கு 500 சுத்துல பெட்டரி 80 வீதத்துக்கு எறங்கும்னும், 15ல இருந்து 1000 சுத்துன்னும் ஆப்பிள் சொல்லுது. தெனம் ஒரு சுத்துன்னா 500 சுத்து ஒண்ணரை வருசம் கூட இல்லையே. ரெண்டு வருசத்துல "போன் போயிருச்சு"ன்னு நாம சொல்றது பல நேரம் பெட்டரி போனது தான். ஐபோன்ல செட்டிங்ஸ்ல பெட்டரி ஹெல்த்னு இருக்கும், சாம்சங்ல சாம்சங் மெம்பர்ஸ் ஆப்ல பாக்கலாம், மத்ததுக்கு ரிப்பேர் கடையில கேளுங்க.

இன்னொரு அறிகுறி, மார்கழி தை குளிர்ல விடியக்காலையில 20 வீதம் இருக்கப்பவே போன் பட்டுன்னு ஓஃப் ஆகி, சூடு பட்டதும் திரும்ப ஓன் ஆகும். குளிர்ல எந்த பெட்டரியும் கொஞ்சம் சோர்ந்து தான் போகும், ஆனா இப்பிடி ஓஃப் ஆகுறது பழைய பெட்டரி தான். என்னோட போன்ல இதே பிரச்சினை வந்து பெட்டரிய மட்டும் மாத்துனேன், 7,000 ரூபா கிட்ட முடிஞ்சிச்சு, அதுக்கு பொறகு ரெண்டு வருசம் ஆச்சு இன்னும் ஓடுது. பின்பக்கம் உப்பி வந்திருந்தா மட்டும் சார்ஜ் போடாதீங்க, அமுக்கியும் பாக்காதீங்க, நெருப்பு புடிக்கும்.

பெட்டரிய நாளைக்கு பாப்போம்னு தள்ளிப்போட வேணாம்னு நான் கெஞ்சி கேக்குறேன். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் அடிச்சப்ப பதுளை, நுவரெலியா, கண்டி பக்கமெல்லாம் மண்சரிவு, கரண்ட் இல்ல, ரோடு இல்ல. மண்சரிவு எச்சரிக்கை வந்தாலும் போன்ல உயிர் இருந்தா தானே நமக்கு தெரியும்.

ஸ்லோ ஆகுறதுக்கு பெரும்பாலும் எடம் நெறைஞ்சது தான் காரணம். வாட்ஸ்அப்ல செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் போய் தேர் திருவிழா வீடியோ, காலை வணக்கம் படம் எல்லாத்தையும் அழிச்சுட்டு ஒரு வாரம் பாவிச்சு பாருங்க.

மூணாவது, அப்டேட் எப்ப நின்னுச்சு

செட்டிங்ஸ்ல அபவுட் போன், அதுக்குள்ள ஆண்ட்ராய்டு வேர்ஷன, சாம்சங்ல சொப்ட்வேர் இன்பமேஷன தொட்டா செக்யூரிட்டி அப்டேட்னு ஒரு திகதி இருக்கும். அது பல மாசம் பழசா இருந்து, புது அப்டேட் ஒண்ணும் வரலன்னா கம்பனி அந்த மொடல கைவிட்டிருக்கலாம். பாட்டு கேக்க, கோல் எடுக்கன்னா பரவால்ல, பேங்க் ஆப் அதுல போட்டு காசு அனுப்புறவங்க யோசிக்கணும், ஏன்னா போன் பாதுகாப்புல வர்ற ஓட்டைய அடைக்க இனி யாரும் இல்ல.

சாம்சங் எஸ்24, கூகுள் பிக்சல் 8 இதுக்கெல்லாம் 7 வருசம் அப்டேட், சாம்சங் ஏ16 மாதிரி வெல கொறைஞ்சதுக்கும் 6 வருசம் அறிவிச்சிருக்காங்க. இதுல ஒரு விசயம் கவனிங்க, இந்த 6, 7 வருசமும் மொடல் வெளிவந்த நாள்ல இருந்து எண்ணுறது, நீங்க வாங்குன நாள்ல இருந்து இல்ல. ரெண்டு வருசத்துக்கு முந்தி வந்த மொடல கழிவு வெலைக்கு சீல் ஒடைக்காம வாங்குனாலும் ரெண்டு வருசம் ஏற்கனவே போயிருச்சு.

இப்ப முடிவு

நோவு ஒண்ணு தான், அது பெட்டரி இல்லன்னா ஸ்டோரேஜ்னா சரி பண்ணி ஓட்டுங்க. அப்டேட்டும் நின்னு, பேங்க் வேலையும் அதுலயே செய்றீங்கன்னா ஒரு வருசத்துக்குள்ள மாத்த காசு சேக்க தொடங்குங்க. திருத்துற செலவு புது போன் வெலையில பாதிக்கு வந்துட்டா அதுக்கு மேல செலவழிக்க வேணாம். 5ஜிக்காக மட்டும் மாத்த நெனைச்சா, உங்க முத்தத்துல மொதல்ல 4ஜி ஒழுங்கா வருதான்னு பாருங்க. தவண கட்டி முடியாத போன மாத்தவே கூடாது, ரெண்டு போனுக்கு ஒரே சம்பளத்துல கட்ட ஏலாது. என் கணக்குல நடுத்தர போன் ஒண்ண நாலு அஞ்சு வருசம், நடுவுல ஒரு பெட்டரி, அது தான் நமக்கு கட்டுப்படியாகும்.

வாங்குற நாள்ல

காசு குடுக்க முந்தி அந்த போன்ல *#06# அடிச்சா 15 இலக்கத்துல ஐஎம்இஐ வரும், அது தான் போனோட அடையாள நம்பர். மெசேஜ்ல இங்கிலீஷ் எழுத்துல IMEIன்னு அடிச்சு, எடம் விட்டு, அந்த இலக்கத்த போட்டு 1909க்கு அனுப்புங்க, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவுல பதிஞ்ச போனான்னு பதில் வரும். துபாயில இருந்து வந்ததுன்னு சொல்லி மலிவா குடுத்தா கட்டாயம் இத செய்யணும். அந்த மொடலுக்கு பெட்டரி நம்ம டவுன்ல கெடைக்குமான்னும் கேளுங்க, கொழும்புக்கு போய் வர்ற பஸ் காசும் ஒரு நாள் பேரும் அப்ப மிச்சம். வீட்டுக்கு வந்ததும் அப்டேட் முடியிற வருசத்த பெட்டி மேல பெருசா எழுதி வைங்க.

பழைய போன தங்கச்சிக்கோ தம்பிக்கோ படிக்க குடுக்குறதா இருந்தா வாட்ஸ்அப் பேக்அப் எடுத்துட்டு, செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்ஸ் போய் கூகுள் அக்கவுண்ட கழட்டிட்டு, அதுக்கு பொறகு தான் ரீசெட் பண்ணணும். கழட்டாம ரீசெட் பண்ணிட்டா சில நேரம் பழைய பாஸ்வேர்ட் கேட்டு பூட்டிக்கும், அது உங்களுக்கே மறந்திருந்தா புள்ள கையில வெறும் கண்ணாடி தான் இருக்கும்.