பார்த்த படத்துக்கு மார்க் போடுவது எப்படி: அளவு நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அகஸ்தியா தியேட்டர் இருந்தவரை, மேட்னி விடும் நேரம் வாசலில் தினமும் ஒரு விசாரணை நடக்கும். இருட்டிலிருந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வருகிறவர்களை, ஈவ்னிங் ஷோவுக்கு நிற்கிறவர்கள் மடக்கிப் பிடித்து "படம் எப்டிண்ணா?" என்பார்கள். "இண்டர்வெல் வரைக்கும் சூப்பர், அப்பால இழுவை", "பாட்டுக்கோசரம் பாக்கலாம்" என்று ஒரு வரியில் பதில் வரும். அந்த ஒரு வரியை நம்பித்தான் என் அம்மா டிக்கெட் எடுப்பாள். 1967இல் திறந்த அகஸ்தியா 2020இல் மூடிவிட்டது. பெரம்பூர் பிருந்தாவும் 2025இல் மூடியாயிற்று. கேள்வி மட்டும் போகவில்லை, இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது.

பழைய வண்ணாரப்பேட்டையில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ் அளவு கொடுக்க வருகிற அக்காக்கள் எல்லோருக்கும் நான் வாரம் ஒரு படம் பார்க்கிறவள் என்று தெரியும். கழுத்தளவு எழுதிக்கொண்டிருக்கும்போதே "இந்த வாரம் எதுக்குப் போலாம்?" என்று கேட்டுவிடுவார்கள். ஒருமுறை ஓர் அக்காவிடம் "செம படம்க்கா, கண்டிப்பா போங்க" என்றேன். மாமியார், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள் என்று மொத்தக் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போனார். படத்தில் முதல் அரைமணி நேரத்திலேயே ஒரு கை வெட்டுப்படும். சின்னவள் அழுத அழுகையில் இண்டர்வெல்லோடு எழுந்து வந்துவிட்டார்கள். டிக்கெட், ஆட்டோ, பாப்கார்ன் எல்லாம் சேர்த்து அவருடைய மூன்று நாள் கூலி. திட்டவில்லை. "உனக்குப் புடிச்சிச்சி, சரி. எனக்குப் புடிக்குமான்னு நீ யோசிக்கலியேம்மா" என்றார், அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் அளவு நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து படங்களைப் பற்றி எழுதத் தொடங்கினேன். எப்படி எழுதுவது என்று கேட்கிறவர்களுக்காக, நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

படி 1: வீடு வந்து சேருவதற்குள் ஐந்து வரி

படம் முடிந்ததும் அடுத்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று போனில் தேடாதீர்கள். மெட்ரோவிலோ ஷேர் ஆட்டோவிலோ உட்கார்ந்ததும் ஐந்தே ஐந்து வரி எழுதுங்கள். எந்த இடத்தில் மணி பார்த்தீர்கள்? எந்த இடத்தில் கூட வந்தவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தீர்கள்? எந்த வசனம் இன்னும் வாயில் இருக்கிறது? எந்த இடத்தில் கதை புரியாமல் பக்கத்தில் கேட்டீர்கள்? இவற்றுக்குப் பதில் எழுதினால் போதும். தூங்கி எழுந்தால் பாதி போய்விடும், மீதிப் பாதி யூடியூப்பில் கேட்டதோடு கலந்துவிடும்.

படம் ஓடும்போது போனைத் தொடவே வேண்டாம். வெளிச்சம் பின்சீட்டுக்காரரின் கண்ணில் அடிக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், ஸ்டேட்டஸில் போட ஹீரோ என்ட்ரியைப் பத்து விநாடி எடுத்தாலும் அது திரைப்படத் திருட்டில் போய் நிற்கலாம். 2023இல் திருத்திய சட்டப்படி அதற்குக் குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் மூன்று வருடம் சிறை, மூன்று லட்சத்துக்குக் குறையாத அபராதம். நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியவே தெரியாது.

படி 2: காட்சியைச் சொல்லுங்கள்

இந்தப் படியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். "யதார்த்தமா இருந்தது", "மண் மணம்", "வேற லெவல்" ஆகியவை எந்தப் படத்துக்கும் ஒட்டும். எந்தப் படத்துக்கும் ஒட்டுகிற வார்த்தையால் இந்தப் படத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. அந்த வார்த்தையை உங்கள் வாயில் வரவைத்த காட்சியை எழுதுங்கள்.

வடசென்னையில், நம் பக்கத்தில் நடக்கிற கதை ஒன்றைச் சமீபத்தில் பார்த்தேன். பெயர் சொன்னால் கதை உடையும் என்பதால் சொல்லவில்லை. அதில் நாயகி மீன் வாங்குகிற காட்சி ஒரு நிமிடம்கூட இருக்காது. மீன்காரம்மா பேசாமல் செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டுகிறாள். நாயகி விரலால் மீனின் வயிற்றை அமுக்கிப் பார்க்கிறாள், பள்ளம் விழவில்லை, பையை நீட்டுகிறாள். விலை பேசுவது கண்ணாலேயே நடக்கிறது. என் அம்மா அப்படித்தான் வாங்குவாள். அந்த இயக்குநரோ அந்த நடிகையோ உண்மையிலேயே மீன் கடையில் நின்று பார்த்திருக்கிறார்கள் என்று அந்த விரல் சொல்லிவிட்டது. என் நோட்டில் "யதார்த்தம்" என்ற சொல் இல்லை. "செவுள், விரல், பேச்சே இல்லை" என்றுதான் இருக்கிறது.

அதே படத்தில் காசிமேட்டு மீன் ஏலம் பட்டப்பகல் உச்சிவெயிலில் ஜேஜே என்று நடக்கிறது. விடிவதற்கு முன்னாலேயே சூடுபிடிக்கிற ஏலம் அது. தண்டையார்பேட்டையில் தூக்கம் கலைந்து வண்டிச் சத்தம் கேட்டவர்களுக்கெல்லாம் தெரியும். ஹீரோவின் நண்பன் வாய் திறக்கும்போதெல்லாம் "இன்னா நைனா" என்று முடிக்கிறான். நம் தெருவில் யாரும் மூச்சுக்கு மூச்சு நைனா போடுவதில்லை. கூப்பிட வேண்டிய இடத்தில் கூப்பிடுவோம், கெஞ்ச வேண்டிய இடத்தில் இழுப்போம். இதையும் எழுதினேன்.

வடசென்னைக்காரர்கள் கட்டாயம் படத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணமே இதுதான். திரையில் நம் ஊர் என்றால் அரிவாள், கஞ்சா, குடிசை, ஒரு சாவுக்கூத்து. வியாசர்பாடியில் விடியற்காலையில் பந்தை உதைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள், கேரம் கிளப்பில் பவுடர் தூவி ராத்திரி முழுக்க விளையாடுகிற அண்ணன்கள், எம்.சி. ரோடில் தீபாவளிக்கு முன்னால் சாப்பிடக்கூட நேரமில்லாமல் துணி விற்கிற பெண்கள் எல்லாம் எப்போதாவதுதான் வருகிறார்கள். வெளியிலிருந்து எழுதுகிறவருக்கு ரத்தம் தெறித்தால் அது அசலாகத் தெரியும். எது அசல், எது ஒட்டுப்போட்டது என்று தொட்டுச் சொல்ல நம்மால் முடியும். அதைச் சொல்லாமல் "மாஸ்" என்று மட்டும் போட்டுவிட்டுப் போனால் மனசு கேட்பதில்லை.

அதற்காக ஒவ்வொரு தப்புக்கும் மார்க்கைக் குறைக்காதீர்கள். பகலில் நடந்த ஏலம் எனக்கு உறுத்தியது, ஆனாலும் அதில் வந்த ஆட்களை நம்பினேன். நைனா வசனமோ அந்தப் பாத்திரத்தையே நம்பவிடவில்லை. இரண்டாவதுக்குத்தான் குறைத்தேன்.

படி 3: உங்கள் நாளைத் தனியாக எழுதுங்கள்

முதல் வரிசையில் கழுத்து வலித்ததா, ஸ்பீக்கர் இரைந்ததா, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தீர்களா, காலை 9 மணி ஷோவில் ரசிகர்கள் சத்தத்தில் வசனமே கேட்கவில்லையா? ஓரத்தில் ஒரு வரி எழுதிவையுங்கள். படம் அதற்குப் பொறுப்பல்ல. கேட்கிறவருக்கு அது தெரிந்தால் உங்கள் மார்க்கை எவ்வளவு நம்பலாம் என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

படி 4: ஒரே இன்ச் டேப்

மார்க்கை இத்தனைக்கும் பிறகுதான் போட வேண்டும். முதலில் மார்க் போட்டுவிட்டால் அதற்குக் காரணம் தேடுகிற எழுத்தாகிவிடும்.

எத்தனைக்கு எத்தனை என்பது உங்கள் இஷ்டம். இணையத்தில், ஐஎம்டிபி தளத்தில் பத்துக்குப் போடுவார்கள். லெட்டர்பாக்ஸ்டில் ஐந்து நட்சத்திரம், அரை நட்சத்திரமும் உண்டு. ராட்டன் டொமேட்டோஸில் வருகிற சதவீதம் மார்க்கே இல்லை, எத்தனை விமர்சகர்கள் 'பார்க்கலாம்' பக்கம் நின்றார்கள் என்கிற தலைக்கணக்கு. நூறு பேர் "சுமார்தான், பார்க்கலாம்" என்றாலும் அங்கே நூறு சதவீதம் வந்துவிடும். இது தெரியாமல் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுச் சண்டை போடுகிறவர்கள் என் கடைக்கே வருகிறார்கள்.

ஆனந்த விகடன் நூற்றுக்கு மார்க் போடும். 1977இல் வந்த '16 வயதினிலே' படத்துக்கு அவர்கள் கொடுத்தது 62.5. பள்ளிக்கூடக் கணக்கில் அது சுமாரான மாணவன் வாங்குகிற மார்க். விகடன் படித்தவர்களோ அதைப் பெரிய மரியாதையாக இன்றைக்கும் சொல்கிறார்கள். கை இறுக்கமானவர்கள் என்று ஊருக்கே தெரியும், எல்லாப் படத்துக்கும் அதே இறுக்கம் என்றும் தெரியும். டேப் எத்தனை நீளம் என்பதில் ஒன்றுமில்லை. ஆளுக்கு ஆள் டேப்பை மாற்றினால்தான் பிளவுஸ் கெடும். உங்களுக்குப் பிடித்த நடிகருக்கு ஒரு டேப், பிடிக்காதவருக்கு ஒரு டேப் வேண்டாம்.

என்னுடையது ஐந்துக்கு:

5: மறுபடி என் காசில், வீட்டில் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போவேன்.
4: தியேட்டரில் பாருங்கள்.
3: நல்லது இருக்கிறது, ஓடிடிக்கு வரும்வரை பொறுக்கலாம்.
2: ஒரு பாட்டு, ஒரு ஆள், ஒரு சண்டைக்காக மட்டும்.
1: போன நேரம் திரும்ப வராது.

ஐந்து வாங்கிய படங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மூன்றுதான் ஆபத்தான மார்க். யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று போடுகிற மார்க்காக அது ஆகிவிடும். மூன்று போட்டால் அது நாலுக்கு எட்டிப் பார்க்கிற மூன்றா, இரண்டுக்குச் சரிகிற மூன்றா என்று கூடவே எழுதுங்கள்.

நடிப்புக்கு நாலு, இசைக்கு மூன்று, ஒளிப்பதிவுக்கு ஐந்து என்று தனித்தனியாகப் போட்டு, கூட்டி வகுக்கிற பழக்கம் ஒன்று உண்டு. தயவுசெய்து வேண்டாம். தோள்பட்டை சரி, கை சரி, முதுகு சரி, கழுத்து மட்டும் இரண்டு இன்ச் இறக்கம் என்றால் அந்த பிளவுஸைப் போட்டுக்கொள்ள முடியாது. சராசரியில் அது 'நல்ல பிளவுஸ்' ஆகிவிடும். படமும் அப்படித்தான், மொத்தமாகப் போட்டுப் பார்த்து உட்காருகிறதா என்று சொல்லுங்கள்.

மறுநாள் மனசு மாறினால் மாற்றலாம். பழைய மார்க்கை அழிக்காமல் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்.

படி 5: யாருக்கு?

கடைக்கு வந்த அந்த அக்காவிடம் நான் சொல்லாமல் விட்டது இதைத்தான். முதலில் தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள். பிள்ளைகள் பெரியவர்கள் துணையோடு பார்க்க வேண்டிய யுஏ படங்களை 2024 முதல் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். டிக்கெட் எடுக்கும்போதே அது தெரியும். அதற்கு மேல் நீங்கள் சொல்ல வேண்டியது: ரத்தம் எவ்வளவு, குடிக்கிற காட்சி எவ்வளவு, சத்தம் காதைப் பிளக்குமா, மூன்று மணி நேரம் முதுகுவலிக்காரர் உட்கார முடியுமா, பிள்ளைகள் நடுவில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடியுமா. கதை என்ன என்பதைவிட இதைத்தான் மக்கள் அதிகம் கேட்கிறார்கள்.

படி 6: முடிச்சை அவிழ்க்காமல்

டிரெய்லரில் இருப்பதையும் முதல் அரைமணி நேரத்தையும் சொல்லலாம். அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்லியே ஆக வேண்டுமானால் "பார்த்தவங்க மட்டும் படிங்க" என்று மேலே போட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

படி 7: எதிர்ப்பேச்சு வந்தால்

வரும். குடும்ப குரூப்பில் மச்சானே வந்து "நீ யாரு மார்க் போட?" என்பான். காசு கொடுத்துப் பார்த்தவள், அவ்வளவு போதும். 2024 இறுதியில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களின் சங்கம் ஒன்று, படம் வந்த முதல் மூன்று நாள் விமர்சனமே வரக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் போனது. இடைக்காலத் தடை கொடுக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. சொல்கிற உரிமை நம்மிடம் இருப்பதால் சில விஷயங்களில் நான் கறார். பார்க்காத படத்துக்கு மார்க் போடமாட்டேன். பாதியில் எழுந்து வந்திருந்தால் 'பாதி' என்று எழுதுவேன். நடிகையின் உடம்பு, நடிகரின் சாதி, அவர்கள் வீட்டுக் கதை எதுவும் என் நோட்டில் ஏறாது.

கோபமாக வருகிறவரிடம் "உங்களுக்கு எந்த சீன் புடிச்சிச்சி?" என்று கேளுங்கள். சொல்ல ஆரம்பித்தால் பேச்சு படத்துக்குத் திரும்பிவிடும். சொல்லாவிட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

மேலே சொன்ன மீன் படத்துக்கு என் நோட்டில் இருப்பது இது:

"ஞாயிறு ஈவ்னிங் ஷோ, தங்கச்சியோடு. நடு வரிசை. மீன் வாங்குற இடம்: செவுள், விரல், பேச்சே இல்லை. ஏலம் பகல்ல, தப்பு, பரவாயில்லை. நண்பன் நைனா நைனான்னு உயிரை எடுக்கிறான். இண்டர்வெல்லுக்கு அப்புறம் ரெண்டு தடவை மணி பார்த்தேன். அம்மா-பொண்ணு வர்ற எல்லா சீனும் நல்லா இருக்கு. ரத்தம் இல்லை. எட்டு வயசுக்கு மேல பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். 3, நாலுக்கு எட்டிப் பார்க்குது."

போன வாரம் அதே அக்கா சுடிதார் தைக்கக் கொடுக்க வந்தார். இதைப் படித்துவிட்டு மாமியாரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாராம். "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஆஸ்பத்திரி சீன் அவ்ளோ நேரம் வருதுன்னு நீ எழுதலியே. மாமனார் போனதிலேர்ந்து அத்தை அதெல்லாம் பாக்க மாட்டாங்க" என்றார். அவர் எதிரிலேயே நோட்டைத் திருப்பி, மார்க்குக்குக் கீழே எழுதினேன்: "ஆஸ்பத்திரிக் காட்சி நீளம். வீட்டில் யாராவது சமீபத்தில் தவறியிருந்தால் சொல்லிவிட்டுக் கூட்டிப் போகவும்."