இரு காரணங்கள் சேர்ந்து நோயை உண்டாக்குவதைக் கணக்கிட்டு அறிவது எப்படி?

ஒரு நோய்க்கு இரண்டு காரணங்கள் தெரியவந்தவுடன், இதில் ஒன்றின் பங்கு எத்தனை விழுக்காடு, மற்றொன்றின் பங்கு எத்தனை விழுக்காடு என்று கேட்கும் பழக்கம் மருத்துவ மாணவர்களிடமும் செய்தி எழுதுவோரிடமும் இருக்கிறது. அந்தக் கேள்வியைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, இரண்டும் ஒரே உடலில் சேரும்போது என்ன நிகழ்கிறது என்பதை நான்கு எண்களைக் கொண்டு கணக்கிடும் முறையை இங்கே விளக்குகிறேன். இதற்கு மிகப் பொருத்தமான சான்று, அஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நாரும் புகைபிடித்தலும் நுரையீரல் புற்றுநோயில் சந்தித்துக்கொள்ளும் விதம். அமெரிக்காவிலும் கனடாவிலும் வெப்பக்காப்பு வேலை செய்து கல்நார்த் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களைத் தொடர்ந்து கவனித்து ஹாமண்ட், செலிகாஃப், சைட்மன் ஆகியோர் 1979-இல் வெளியிட்ட முடிவுகள், இன்றும் நோய்ப்பரவலியல் வகுப்புகளில் பாடமாக உள்ளன.

முதலில், ஆய்வில் உள்ளவர்களை இரண்டாக அல்ல, நான்காகப் பிரிக்க வேண்டும்: இரண்டு காரணங்களுக்கும் ஆட்படாதவர்கள், முதலாவதற்கு மட்டும் ஆட்பட்டவர்கள், இரண்டாவதற்கு மட்டும் ஆட்பட்டவர்கள், இரண்டுக்கும் ஆட்பட்டவர்கள். பிறகு, வயது வேறுபாட்டைச் சரிசெய்து ஒவ்வொரு பிரிவின் வீதத்தையும் எழுத வேண்டும். அந்த ஆய்வில், ஒரு லட்சம் ஆள்-ஆண்டுகளுக்கு (ஒருவரை ஓராண்டு கவனிப்பது ஓர் ஆள்-ஆண்டு) நுரையீரல் புற்றுநோய் இறப்பு, இரண்டும் இல்லாதவர்களிடம் 11.3, கல்நார் மட்டும் உள்ளவர்களிடம் 58.4, புகைப்பழக்கம் மட்டும் உள்ளவர்களிடம் 122.6, இரண்டும் உள்ளவர்களிடம் 601.6.

அடுத்தது கழித்தல். கல்நார் தனித்து நின்று கூட்டிய இறப்பு 58.4-லிருந்து 11.3 போக 47.1. புகை தனித்து நின்று கூட்டியது 111.3. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் அவரவர் வழியில் வேலை செய்திருந்தால், இரண்டுக்கும் ஆட்பட்டவர்களின் வீதம் 11.3, 47.1, 111.3 ஆகிய மூன்றின் கூட்டுத்தொகையான 169.7 ஆக இருந்திருக்கும். உண்மையில் இருந்ததோ 601.6. மிஞ்சி நிற்கும் 431.9 தான் இடைவினையின், அதாவது இரண்டும் சேர்வதால் கூடும் விளைவின் அளவு. அதாவது இரண்டுக்கும் ஆட்பட்டவர்களிடம் நிகழும் ஒவ்வொரு 100 இறப்பிலும் ஏறத்தாழ 72, இரண்டும் சேர்ந்ததால் மட்டுமே நிகழ்ந்தவை.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இதே எண்களை, இரண்டும் இல்லாதவர்களின் 11.3-ஆல் வகுத்துப் பார்த்தால் கல்நார் 5.17 மடங்கு, புகை 10.85 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் 53.24 மடங்கு என்று வருகிறது. முதல் இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது சுமார் 56. ஆகவே பெருக்கல் அளவுகோலில் பார்ப்பவர், எதிர்பார்த்ததுதான் நடந்திருக்கிறது, இடைவினை ஏதுமில்லை என்று முடிவெழுதிவிடுவார். கணினி நிரல்கள் பெரும்பாலும் மடங்குகளையே முன்னிறுத்துவதால், இந்த முடிவு அடிக்கடி அச்சேறுகிறது. மக்களைக் காப்பது நோக்கமானால் கழித்தல் கணக்கையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புகைப்பதை முற்றிலும் தவிர்ப்பதால் கல்நார் படாதவர்களிடையே ஒரு லட்சத்துக்கு 111.3 இறப்புகள் குறையும். கல்நார்த் தொழிலாளர்களிடையே 543.2 குறையும். புகைத்தடுப்புத் திட்டத்தை முதலில் எங்கே கொண்டுசெல்வது என்பதை மடங்குகள் சொல்வதில்லை. இந்த வேறுபாடு சொல்கிறது.

இதன் பின்னுள்ள கருத்தை 1976-இல் நோய்ப்பரவலியல் அறிஞர் கென்னத் ராத்மன் வட்டங்களாக வரைந்து காட்டினார். நோய் உண்டாகப் போதுமான காரணம் என்பது ஒரு முழு வட்டம். கல்நார், புகை, மரபுக்கூறு, நாம் இன்னும் அறியாதவை என ஒவ்வொன்றும் அதன் ஒரு துண்டு. எல்லாத் துண்டுகளும் நிறைந்தால் நோய் தொடங்கும். ஒன்றை எடுத்துவிட்டாலும் அந்த வட்டம் நிறைவடையாது. கல்நாரும் புகையும் இரண்டுமே துண்டுகளாக இடம்பெறும் வட்டங்களால் நேர்ந்த இறப்புகளைத்தான் அந்த 431.9 தோராயமாக அளக்கிறது.

இதை உணர்ந்துகொண்டால், பங்கு பிரிக்கும் கேள்வி ஏன் பொருந்தவில்லை என்பது விளங்கும். இரண்டுக்கும் ஆட்பட்டவர்களிடம் புகை இல்லாதிருந்தால் 90 விழுக்காடு இறப்புகள் தவிர்ந்திருக்கும். கல்நார் இல்லாதிருந்தால் 80 விழுக்காடு தவிர்ந்திருக்கும். கூட்டினால் 170 வருகிறது. இது பிழையன்று, ஒரே இறப்பை இரண்டு வழிகளில் தடுத்திருக்க முடியும் என்பதே அதன் பொருள். ஆகவே, தொழிலாளி புகைத்தார், எனவே தூசிக்குப் பொறுப்பில்லை என்ற வாதம் இழப்பீட்டு வழக்கில் எழும்போது, அந்த 80 விழுக்காட்டை எடுத்துக்காட்டத் தயங்கக் கூடாது.

எண்களை நம்புவதற்கு முன் சில சோதனைகள் தேவை. நான்கு பிரிவுகளிலும் போதிய இறப்புகள் உள்ளனவா என்று பாருங்கள். இந்த ஆய்விலேயே புகைக்காத கல்நார்த் தொழிலாளர்களிடையே நிகழ்ந்த இறப்புகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதால் 58.4 என்ற எண் சற்று ஆட்டம் காணக்கூடியது. நான்கு பிரிவினரும் பிற வகைகளில் ஒப்பிடத்தக்கவர்களா என்பதையும் பார்க்க வேண்டும்.

இறுதியாக, ஒரு நோய்க்குக் கிடைத்த விடையை மற்றொரு நோய்க்குக் கொண்டுசெல்லாதீர்கள். அதே கல்நார் நுரையீரலைச் சூழ்ந்த உறையில் உண்டாக்கும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயைப் புகைப்பழக்கம் கூட்டுவதில்லை. அங்கே புகையை நிறுத்தினால் எந்த வட்டமும் உடைவதில்லை. தூசியை நிறுத்துவது ஒன்றே வழி. எனவே, நான்கு வீதங்களையும் ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியே எழுதி, மடங்குகளோடு வேறுபாடுகளையும் அறிக்கையில் சேர்த்தே வெளியிடுங்கள்.