விட்ட இடத்துக்குத் திரும்பி வருவது எப்படி? உடற்பயிற்சியைப் பழக்கமாக்க ஒரு செய்முறை

உடற்பயிற்சியைத் தொடங்கத் தெரியாதவர் யாரும் இல்லை. புது ஷூ வாங்கி, விடியற்காலைக்கு அலாரம் வைத்து, முதல் வாரம் முழுக்க வியர்வை சிந்துகிறோம். ஆரம்ப சூரத்தனம் என்று இதற்குப் பெயரே இருக்கிறது. நான் அப்படி ஐந்து முறை தொடங்கி, ஐந்து முறையும் விட்டிருக்கிறேன். ஆறாவது முறைக்கு முன் பழைய நாட்குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். காய்ச்சல், பயணம், வேலை நெருக்கடி என்று ஏதோ ஒன்று வந்து மூன்று நாள் தடைபட்டிருந்தது. நான்காம் நாள் நான் திரும்பிப் போகவில்லை. ஐந்து முறையும் இதே கதைதான். பயிற்சி கடினமாக இருந்ததால் நிறுத்தினேன் என்று ஒரு பக்கத்தில்கூட எழுதியிருக்கவில்லை.

அதன் பிறகு திட்டத்தை வேறு விதமாக எழுதினேன். தொடங்கும் நாளோடு, தடைபடும் நாளையும் திரும்பி வரும் நாளையும் அதில் சேர்த்தேன். நான்கு ஆண்டுகளாக அது தாங்குகிறது. அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஒரு தாள், ஒரு பேனா, சுவரில் மாட்டும் மாதக் காலண்டர் ஆகியவை போதும்.

இதய நோய், நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், மூட்டுப் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். சமாளித்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது.

படி 1: இலக்கைச் செயலாக மாற்றி எழுதுங்கள்

"பத்து கிலோ குறைக்க வேண்டும்" என்று தாளில் எழுதுங்கள். பிறகு அதை அடித்துவிட்டு, அதற்குக் கீழே நீங்கள் கையால் காலால் செய்யப்போவதை எழுதுங்கள்: "வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேகமாக நடப்பேன்."

எடை நம் சொல்பேச்சைக் கேட்காது. உடலில் தங்கும் நீர், உணவில் உள்ள உப்பு, வயிற்றில் இருக்கும் உணவு ஆகியவற்றாலேயே ஒரே நாளில் ஒரு கிலோ, சில சமயம் இரண்டு கிலோகூட ஏறி இறங்கும். நன்றாக உழைத்த வாரத்தின் முடிவில் முள் மேலே போயிருந்தால் மனம் உடைந்துவிடும். நடந்தேனா, இல்லையா என்ற கேள்விக்கோ தினமும் நேர்மையான பதில் கிடைக்கும்.

எவ்வளவு செய்ய வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவை. மிதமானது என்றால், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அவ்வளவு மூச்சு வாங்கினால் சரி. இது போய்ச் சேர வேண்டிய இடம். முதல் வாரத்திலேயே அங்கே நிற்க வேண்டியதில்லை.

படி 2: ஒரே பயிற்சிக்கு இரண்டு அளவுகள் வையுங்கள்

என் அனுபவத்தில், இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களே முதலில் நின்றுபோகிறார்கள். தாளின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் வழக்கமான அளவு: முப்பது நிமிட நடை, பத்து தண்டால், இருபது பஸ்கி. வலப்பக்கம் மோசமான நாளுக்கான அளவு: ஐந்து நிமிட நடை, சுவரில் கை ஊன்றி ஐந்து தண்டால், நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருதல்.

வலப்பக்க அளவைத் தீர்மானிக்க ஒரு சோதனை இருக்கிறது. தூக்கமில்லாமல், தலைவலியோடு, வீட்டில் விருந்தாளிகளும் இருக்கும் ஒரு நாளை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றும் செய்வீர்களா? "பார்க்கலாம்" என்று மனம் இழுத்தால் அளவு இன்னும் பெரிதாக இருக்கிறது, குறையுங்கள்.

ஐந்து நிமிடத்தால் என்ன பயன் என்று பலர் கேட்கிறார்கள். தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய நிபந்தனையை 2020 வழிகாட்டுதல் நீக்கிவிட்டது. ஐந்து நிமிடமும் கணக்கில் வரும். அதைவிட முக்கியமாக, அந்த ஐந்து நிமிடம் நாளைக்கான கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

படி 3: எப்போது, எங்கே, எதன் பிறகு

"நாளையிலிருந்து நடக்கிறேன்" என்பதில் நேரமும் இல்லை, இடமும் இல்லை. இப்படி எழுதுங்கள்: "காலையில் பல் துலக்கி முடித்ததும் ஷூ அணிந்து வாசலில் இறங்கி நடப்பேன்." ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு வேலையின் வாலில் புதிய வேலையைக் கட்டிவிடுகிறோம்.

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் நெடுங்காலம் ஆராய்ந்த முறை இது. 2002இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று இதைப் பயிற்சியோடு சேர்த்துச் சோதித்தது. மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். வரும் வாரத்தில் ஒரு முறையாவது 20 நிமிடம் தீவிரமாகப் பயிற்சி செய்ய வேண்டும். எந்த உதவியும் பெறாத குழுவில் 38 சதவீதம் பேர் செய்தார்கள். இதய நோயின் ஆபத்தையும் பயிற்சியின் நன்மையையும் விளக்கும் பிரசுரத்தைப் படித்த குழுவில் 35 சதவீதம். அதே பிரசுரத்தைப் படித்து, கூடவே நாள், நேரம், இடத்தையும் குறித்துக்கொண்ட குழுவில் 91 சதவீதம்!

அறிவுரை மட்டும் கேட்டவர்கள் ஒன்றும் கேட்காதவர்களின் அளவிலேயே நின்றுவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். உற்சாகப் பேச்சு காணொளிகளைத் தேடித் தேடிப் பார்க்கும் நண்பர்களிடம் நான் இந்த ஆய்வைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அந்தக் காணொளி ஓடும் நேரத்தில் ஒரு வரி எழுதிவிடலாம்.

படி 4: முந்தைய இரவே பாதி வேலையை முடியுங்கள்

உடை, ஷூ, சாக்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் கட்டிலுக்கு அருகில். கைபேசி எழுந்து போய் எடுக்க வேண்டிய தூரத்தில். இதற்கு மேல் இந்தப் படியில் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு நாளும் விடாதீர்கள்.

படி 5: இரண்டு மூன்று மாதங்களுக்கு மனதைத் தயார்படுத்துங்கள்

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று எங்கும் சொல்கிறார்கள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1960இல் எழுதிய ஒரு குறிப்பிலிருந்து பரவியது அது. அறுவைக்குப் பின் மாறிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது ஏறத்தாழ 21 நாள் ஆகிறது என்றுதான் அவர் எழுதினார். உடற்பயிற்சியைப் பற்றிய பேச்சே அல்ல அது.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் பின்தொடர்ந்தார்கள். ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாள் போதுமானதாக இருந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிப்பது போன்ற எளிய பழக்கங்களைவிட உடற்பயிற்சி படிய அதிக நாள் பிடித்தது. அதே ஆய்வில் எனக்கு மிகவும் ஆறுதல் தந்த செய்தி இன்னொன்று உண்டு: ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

ஆகவே இருபத்திரண்டாம் நாளும் படுக்கையை விட்டு எழுவது சுமையாக இருந்தால் உங்களிடம் எந்தக் குறையும் இல்லை. காலம் இன்னும் ஆகவில்லை, அவ்வளவுதான்.

முதல் வாரத்துத் தசைவலியும் பலரை விரட்டிவிடுகிறது. பழகாத பயிற்சிக்குப் பின் ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் அது உச்சத்தைத் தொட்டு, பிறகு தானாகத் தணியும். அந்த நாட்களில் வலப்பக்க அளவைச் செய்யுங்கள். மூட்டில் சுருக்கென்று குத்தும் வலி வேறு வகை. அதற்கு ஓய்வும் மருத்துவரும்தான் வழி.

படி 6: காலண்டரில் குறியுங்கள்

வழக்கமான அளவுக்கும் குறைந்த அளவுக்கும் ஒரே குறிதான். பாதிக் குறி, சின்னக் குறி என்று பிரிக்காதீர்கள். வாரம் ஒரு முறை காலண்டரைப் பாருங்கள். இரண்டு வாரமாக வழக்கமான அளவு எளிதாக இருந்தால் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். வலப்பக்க அளவை மட்டும் ஒருபோதும் கூட்டாதீர்கள். நாலு நாள் நன்றாகப் போனதும் அதையும் உயர்த்தத் தோன்றும். நான் அப்படி உயர்த்தித்தான் ஒரு முறை எல்லாவற்றையும் இழக்கப் பார்த்தேன்.

படி 7: திரும்பி வரும் நாளை இப்போதே எழுதி வையுங்கள்

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கேத்தரின் மில்க்மன் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், விறுவிறுப்பான ஒலிநாவல்களை ஜிம்மில் மட்டுமே கேட்கலாம் என்று ஒரு குழுவுக்கு நிபந்தனை வைத்தார்கள். கதையின் அடுத்த பகுதிக்காகவே மக்கள் ஜிம்முக்குப் போனார்கள். தொடக்கத்தில் மற்றவர்களைவிட 51 சதவீதம் அதிகமாக. பிறகு அமெரிக்காவின் நன்றி நவிலல் பண்டிகை விடுமுறை வந்தது. அதைத் தாண்டிய பின் அந்த விளைவு மங்கிவிட்டது. நல்ல தந்திரம்தான், நீங்களும் செய்து பார்க்கலாம். ஆனால் இடைவெளி விழுந்ததும் எந்தத் தந்திரமும் தளர்ந்துவிடுகிறது.

இடைவெளியில் மனம் என்ன சொல்லும்? முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு என்று கேட்கும். இரண்டு நாள் போய்விட்டது, இந்த வாரம் போகட்டும், திங்கட்கிழமை பார்க்கலாம். திங்கள் வரும்போது அடுத்த மாதம் முதல் தேதி இன்னும் அழகாகத் தெரியும். ஐந்து முறையும் என்னை நிறுத்தியது இந்தக் குரல்தான். அந்த நேரத்தில் அதோடு வாதாடி வெல்ல என்னால் முடிந்ததில்லை. அதனால்தான் தெளிவாக இருக்கும் இன்றே பதிலை எழுதி வைக்கச் சொல்கிறேன்.

தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதுங்கள்: "பயிற்சி தடைபட்டால், தடை நீங்கிய மறுநாள் காலை பல் துலக்கியதும் குறைந்த அளவை மட்டும் செய்வேன்." குறைந்த அளவை மட்டும் என்பதன் கீழே கோடு போடுங்கள். விட்டதை எல்லாம் ஒரே நாளில் ஈடுகட்டக் கூடாது. திரும்பிய முதல் நாளே ஒரு மணி நேரம் ஓடினால் மறுநாள் உடல் முழுக்க வலிக்கும், மூன்றாம் நாள் மீண்டும் இடைவெளி விழும்.

இரண்டு மூன்று நாள் இடைவெளி என்றால் ஒரு நாள் குறைந்த அளவு, அடுத்த நாள் வழக்கமான அளவு. ஒரு மாதம் விட்டுப்போயிருந்தால் முதல் வாரம் முழுக்க வலப்பக்கம், இரண்டாம் வாரம் இடப்பக்கத்தில் பாதி, மூன்றாம் வாரம் முழு அளவு. காய்ச்சலில் படுத்திருந்தால் காய்ச்சல் முழுதாக நீங்கி, சாதாரண வேலைகளைச் சோர்வில்லாமல் செய்ய முடிந்த பின்பே தொடங்குங்கள்.

எழுதிய தாளைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள், பின்பக்கம் தெரியும்படி. முன்பக்கம் எப்படியும் மனப்பாடம் ஆகிவிடும்.