தலைப்பில் காணாமல் போகும் ‘போல’

செய்திப் பிரிவுக்குப் புதிதாக வந்த இருவர் போன வாரம் ஒரு தலைவரின் பேச்சுக்குத் தலைப்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் நின்று பார்த்தேன். எதிராளியை ஹிட்லரோடு ஒப்பிட்ட பேச்சு. பல வருடங்களுக்கு முன்னால் நான் செய்த அதே கோளாறு, ஓர் எழுத்துகூட மாறாமல். பேச்சை முழுதாகக் கேளுங்கள், பெயரைச் சரிபாருங்கள் என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. தெரிந்தும் சறுக்கும் இடங்கள் வேறு.

‘எதில்’ என்பதை வெட்டுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

உவமைக்கு நான்கு உறுப்பு என்று பள்ளியில் படித்திருப்போம்: உவமேயம், உவமானம், உவம உருபு, பொதுத்தன்மை. தலைப்பில் ஏறுவது முதல் இரண்டு மட்டும். ‘போல’ என்ற உருபும், எதில் ஒப்பு என்ற பொதுத்தன்மையும் இடமில்லை என்று வெட்டுப்படுகின்றன. உவமை உருவகமாகிவிடுகிறது. புலிபோலப் பாய்ந்தான் என்றால் அவனுக்கு வால் உண்டு என்று யாரும் நினைப்பதில்லை. நம் தலைப்புகளில்தான் வால் முளைக்கிறது.

தொல்காப்பியம் உவமையை வினை (செயல்), பயன் (விளைவு), மெய் (வடிவம்), உரு (நிறம்) என்று பிரிக்கிறது. மேடைப் பேச்சுக்கும் அது உதவும். மெய்யும் உருவும், அதாவது மீசையும் தோல் நிறமும், கேலிக்கு வருபவை. வாதம் என்று ஏதாவது இருந்தால் வினையிலோ பயனிலோதான் இருக்கும்.

நான் சறுக்கிய கதை இது. ஒரு பேச்சாளர் ஒரு மசோதாவை எதிர்த்துப் பேசினார். எதிரணித் தலைவரைத் தான் ஹிட்லர் என்று சொல்லவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். 1933 மார்ச்சில் ஜெர்மன் நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் அதிகாரத்தை ஹிட்லரின் அமைச்சரவையிடம் தூக்கிக் கொடுத்ததே, இந்த மசோதாவும் அந்த வழியில் போகிறது என்பது அவர் வாதம். தெளிவான வினை உவமை. தவறு என்று மறுக்கலாம், ஆனால் மறுக்கத்தக்க வாதம். நான் வைத்த தலைப்பு: ‘எதிரணித் தலைவர் ஒரு ஹிட்லர் - கடும் சாடல்’.

அப்புறம் பல நாள் மசோதாவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஒரு தரப்பு மன்னிப்புக் கேட்கச் சொன்னது, மறு தரப்பு முடியாது என்றது. பேச்சாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். “நாற்பது நிமிஷம் பேசினேன் தம்பி, நீங்க ஒரு பெயரை மட்டும் எடுத்துக்கிட்டீங்க.” சொல்லாத வசவுக்கு இவர் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று, விழாத வசவுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. திருத்தம் உள்பக்கத்தில் இரண்டு வரி வந்தது.

பெயரை இழுப்பவர்கள் எல்லாரும் அப்பாவிகள் இல்லை. 2016 மே மாதம், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகுவதா என்ற பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்கு முன், ஐரோப்பாவை ஒன்றாக்க நெப்போலியனும் ஹிட்லரும் முயன்றார்கள், ஐரோப்பிய ஒன்றியம் அதையே வேறு வழிமுறைகளில் செய்யப் பார்க்கிறது என்றார் விலகலை ஆதரித்த பிரிட்டிஷ் அரசியல்வாதி போரிஸ் ஜான்சன். ‘வேறு வழிமுறைகளில்’ என்ற சொற்களை விட்டுவிட்டு எழுதினால் அது அநியாயம். அவற்றையும் சேர்த்துக்கொண்டே, வழிமுறைதானே ஹிட்லரின் குற்றம், அதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை ஒப்பிடுவதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு வலு அதிகம்.

காட்வின் பெயரைச் சொல்லி வாயை அடைப்பது

இணைய விவாதம் நீண்டால் நாஜி ஒப்பீடு வந்தே தீரும் என்று 1990இல் அமெரிக்க வழக்கறிஞர் மைக் காட்வின் சொன்னார். ஹிட்லர் பெயரை எடுத்தவர் தோற்றார் என்பது பிறர் ஒட்டிய வால். ஒப்பிடுமுன் யோசியுங்கள் என்பதே அவர் நோக்கம். 2023 டிசம்பரில், டிரம்ப்பை ஹிட்லரோடு ஒப்பிடுவதில் தவறில்லை என்று அவரே கட்டுரை எழுதினார்.

நம்மவர் சொன்னால் ‘நகைச்சுவை’, அவர்கள் சொன்னால் ‘அநாகரிகம்’

பெயர்களை இடம் மாற்றிப் படித்துப் பாருங்கள். வினைச்சொல் மாறத் துடித்தால் முதலில் எழுதியது தப்பு.

பேச்சையும் தண்டனையையும் ஒன்றாகக் குழைப்பது

2005இல் லண்டன் மேயர் கென் லிவிங்ஸ்டன் ஒரு செய்தியாளரை வதைமுகாம் காவலரோடு ஒப்பிட்டார். தான் யூதர் என்று அந்தச் செய்தியாளர் சொன்ன பிறகும் நிறுத்தவில்லை. மறு ஆண்டு நான்கு வார இடைநீக்கம் விதித்தார்கள், உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தண்டனை செல்லாது என்றதும் பேச்சு சரியாகிவிடவில்லை. இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள்.

“யாராவது புண்பட்டிருந்தால்...”

இதற்கு மன்னிப்பு என்று தலைப்பு வைக்காதீர்கள்.

சூடான பதிலுக்கு மைக் நீட்டுவது

1945 ஜூன் 4 அன்று பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் தேர்தலுக்காக வானொலியில் பேசியபோது, சோஷலிச அரசு வந்தால் ஏதோ ஒருவகை கெஸ்டபோ (நாஜிகளின் ரகசியப் போலீஸ்) இல்லாமல் அதனால் ஆள முடியாது என்றார். எதிரே நின்ற தொழிற்கட்சித் தலைவர் அட்லி போர்க்கால அமைச்சரவையில் அவருக்குத் துணைப் பிரதமராக இருந்தவர். மறுநாள் அட்லி கத்தவில்லை. போர்த் தலைவர் சர்ச்சிலுக்கும் கட்சித் தலைவர் சர்ச்சிலுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று காட்டத்தான் அப்படிப் பேசினார் போலிருக்கிறது என்றார். இப்படி ஒரு பதில் இன்றைக்கு வந்தால் ‘அட்லி மழுப்பல்’ என்று போடுவோம்.

சரி, அந்த இருவர் கதைக்கு வருகிறேன். ‘போல’வையும் ‘எதில்’ என்பதையும் சேர்த்ததும் தலைப்பு இரண்டு வரி தாண்டிவிட்டது. இடமில்லை என்றார்கள். படத்தைச் சுருக்கச் சொன்னேன்.